சக்கரவர்த்தியின் கன்னத்து மரு

மூன்று மாதமாக எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் யாரும் ஏறி இறங்கவில்லை. நின்றார்கள். காலை எட்டு மணிக்கே முதல் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒன்பதுக்குள் வரிசை இரண்டாம் மாடிக்கு இறங்கிவிடும். பத்துக்கு, தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் அச்சகத்தைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். ஒருவர் கையில் எக்ஸ்ரே உறை. ஒருவர் கையில் மகளின் புகைப்படம். ஒருவர் கையில் ஒன்றுமே இல்லை. அவர் வேலை போனவர்.

எல்லாரும் போனது மூன்றாம் மாடிக்கு. நாற்காலி மேசை விற்ற கடை ஒன்று மூடிக்கிடந்த அந்த இடத்தில்தான் ரோமய்யா வந்து இறங்கியிருந்தார்.

அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. ஐயாவின் தலையில் மருந்துக்குக்கூட ஒரு ரோமம் கிடையாது. ரோம் நகரத்தோடு அவருக்கு இருந்த உறவும் ஏறக்குறைய அதே அடர்த்திதான். ஆனால் கனவில் ஒரு ரோமானியச் சக்கரவர்த்தி வந்து, மண்ணுக்குள் புதைந்திருந்த தன் ஜாடியை அவருக்குக் காட்டிக்கொடுத்தாராம். கனவில் சக்கரவர்த்தி எந்த மொழியில் பேசினார் என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊர்க் கனவுகளில் எல்லாரும் நம் மொழிதான் பேசுவார்கள்.

ஜாடி கறுப்பு. உள்ளே நாணயங்கள். ஒவ்வொன்றும் ஆயிரத்தெண்ணூறு வருடப் பழசு. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்று. அப்படிப்பட்ட ஒன்றே ஒன்றுகளை அவர் நாளைக்கு முப்பது நாற்பது எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முறை இதுதான். நீங்கள் எதிரே உட்கார்ந்து உங்கள் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடி, ஜாடிக்குள் கையை விட்டுத் துழாவுவார். ஒன்றை எடுப்பார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பார்த்ததும் தேள் கொட்டிய மாதிரி ஒரு "ஆ!"

"பாத்தீங்களா? உங்க கஷ்டத்தைச் சக்கரவர்த்தி தன் முகத்துலயே வாங்கிக்கிட்டாரு. மரு வந்திருக்கு பாருங்க!"

பார்த்தால், உண்மையிலேயே சக்கரவர்த்தியின் முகத்தில் குட்டியாக ஒரு மரு. வேலை போனவருக்கு அது வாய்க்குப் பக்கத்தில் இருந்தது: "வாய்ப்பு வருதுன்னு அர்த்தம்." மூட்டுவலிக்கார அம்மாவுக்குத் தாடை மூட்டில் இருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவருக்குக் கன்னத்தில் இருந்தது: "கன்னிப் பொண்ணு விஷயம், கன்னத்துலதானே வரும்?" இதற்கு மேல் ஆதாரம் கேட்கிறவன் மனிதனா?

பிறகு நாணயம் ஒரு சிவப்புத் துணிப்பைக்குள் போகும். மூன்று கட்டளைகள். வேற்றுக் கண் நாணயத்தின் மேல் படக்கூடாது. பட்டால் சக்கரவர்த்தி கோபித்துக்கொண்டு போய்விடுவார். புதன்கிழமைதோறும் காணிக்கையோடு வந்து சக்தி ஏற்றிக்கொள்ள வேண்டும். தலையைச் சுற்றிப் பொறித்திருக்கும் இரகசிய மந்திரத்தை நாளுக்கு மூன்று வேளை உரக்கச் சொல்ல வேண்டும்: "இம்ப்! கேஸ்! அவ்க்!"

மாலை நாலு மணியானால் எங்கள் தெரு முழுவதும் விக்கல் எடுத்தது.

முதல் மாடியில் பல் செட் செய்கிற கூடம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற பெண்ணைக் கட்டடமே பல்லக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவனான நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், ஏனென்றால் என் வாயிலிருக்கும் மேல் வரிசை அவள் செய்தது. பல் வைத்தியர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் அதில் கல்மாவு ஊற்றி, இறுகியதும் உடைத்தெடுத்து, அந்த வெள்ளை ஈறின் மேல் பல்லைக் கட்டுவாள். கல்மாவு என்றால் சாக்பீஸின் அண்ணன், இறுகினால் கல்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பழைய ரோமானிய நாணயம் சேர்ப்பது. பத்தொன்பது வருடத்தில் ஏழு சேர்த்திருக்கிறாள். ஏழும் செம்பு, ஏழும் அசிங்கம். ஒன்றில் சக்கரவர்த்திக்குப் பின்னந்தலையே இல்லை. அழகாக இருந்தால் விலை கூடிவிடுமாம். அந்த ஏழுக்குமாக அவள் படித்த புத்தகங்கள் ஒரு அலமாரி. எந்தச் சக்கரவர்த்தி எந்த வருடம் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினான், மேலே பூச்சு மட்டும் பூசி ஊரை ஏமாற்றினான் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த வகையில் பார்த்தால் ரோமய்யாதான் அவர்களின் நேரான வாரிசு.

பல்லக்கா மூன்றாம் மாடிக் கூத்தை முதலில் கண்டுகொள்ளவில்லை. "போகட்டும் அண்ணே, விக்கல்தானே" என்றாள். அத்தான் கண்ணுக்கு வந்த பிறகுதான் கண்டுகொண்டாள்.

அத்தான் என்றால் அவளுடைய அக்கா புருஷர். இரண்டாம் மாடித் தையல்காரர். நாற்பது வருடம் ஊசியோடு வாழ்ந்த கண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. வைத்தியர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அறுவை செய்ய வேண்டும். தேதியும் குறித்தார். அத்தான் ஒன்றும் கெட்டவர் அல்ல, முட்டாளும் அல்ல. கண்ணுக்குள் கத்தி என்றதும் பயந்தார். பயந்தவர் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை, ஒரே ஒரு மாடி ஏறினார்.

"மூணு மாசம் கத்தி படக்கூடாது" என்றார் ரோமய்யா. "சொட்டு மருந்தும் வேணாம். சக்கரவர்த்தியைக் கண்ணு மேல வச்சுப் படுங்க. அழுத்தத்தை அவரே உறிஞ்சிடுவாரு. பாருங்க, கண்ணுக்குக் கீழயே மரு!"

அறுவைத் தேதி ஒரு தடவை தள்ளிப்போய், ஏழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமைக்கு வந்து நின்றது. அதற்கு முந்தின திங்கட்கிழமை அத்தான் ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டார். அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டு அக்கா முதல் மாடிக்கு வந்து, தங்கையின் கல்மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். "இந்த வியாழனும் போகலன்னா வைத்தியர் கையை விரிச்சிடுவாருடி. நீயாவது சொல்லு அவருகிட்ட."

பல்லக்கா சொல்லிப் பார்த்தாள். நானும் கூட இருந்தேன்.

"அத்தான், அந்த நாணயத்தை ஒரு தடவை காட்டுங்க."

"வேற்றுக் கண் படக்கூடாது."

"மச்சினி கண்ணு வேற்றுக் கண்ணா?"

"ஒன் கண்ணு ரொம்ப வேற்றுக் கண்ணும்மா. படிச்ச கண்ணு."

"சரி, கண்ணை மூடிக்கிறேன். தொட்டுப் பாக்கலாமா? கை படக்கூடாதுன்னு கட்டளை இல்லையே?"

அத்தான் யோசித்தார். கட்டளைப் பட்டியலில் கை இல்லைதான். பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றினாள். முகத்தை விரலால் தடவினாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்த பிறகு என்னிடம் சொன்னாள்.

"விளிம்புல கோடு ஓடுது அண்ணே. ரெண்டு பாதி அச்சு சேர்ற இடத்துல வர்ற கோடு. அந்தக் காலத்து நாணயம் சுத்தியலால அடிச்சது, அதுல கோடு வராது. இது ஊத்துனது. நான் பல் ஊத்துற மாதிரி."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நம்புவாரா? படிச்ச விரலுன்னு சொல்வாரு."

கொஞ்ச நேரம் படிக்கட்டில் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லார் கழுத்திலும் சிவப்புப் பை. எல்லாப் பையும் இறுக்கிக் கட்டியிருந்தது.

"வேற்றுக் கண் ஏன் படக்கூடாதுன்னு இப்பத்தான் புரியுது" என்றாள்.

மறுநாளுக்கு மறுநாள் புதன், சக்தி ஏற்றும் நாள். காலையில் தன் கூடத்து வாசலில் ஒரு அட்டை தொங்கவிட்டாள்: "உங்கள் நாணயத்திலுள்ள சக்கரவர்த்தியின் முகம் கல்மாவில் எடுத்துத் தரப்படும். இலவசம். நாணயத்தை நாங்கள் பார்க்க மாட்டோம்." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் வாசித்தவர்கள் முதல் இரண்டு வரியைத் தாண்டவில்லை. இலவசம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

மூட்டுவலிக்கார அம்மாவுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. "முகத்தைப் பாத்தாலும் கண்ணு பட்ட மாதிரிதானே?"

"கண்ணு மாவு மேலதாம்மா படும். நாணயம் ஒங்க பையிலயே பத்திரமா இருக்கும்."

"அப்ப சரி. வீட்டுச் சுவத்துல மாட்டிக்கலாம்ல?"

"ஆணியும் தரேன்."

திரைக்குப் பின்னால் வெந்நீரில் மெழுகுத் துண்டுகள் மிதந்தன. ஒவ்வொருவராக உள்ளே போய், தன் நாணயத்தைத் தானே இளகின மெழுகில் அழுத்தி, பையில் போட்டுக்கொண்டு, மெழுகை மட்டும் நீட்டினார்கள். அத்தானும் வந்தார். மச்சினி கேட்டு மறுக்க முடியவில்லை. இருபத்துநாலு பேர். அதில் கடைசி ஆள், கூட்டம் குறைந்த நேரத்தில், இடமும் வலமும் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மெழுகில் சக்கரவர்த்தி பள்ளமாக, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருந்தது. நான் ஈய எழுத்துக் கோத்த காலத்து ஆள். திரும்பிய எழுத்துத்தான் எனக்கு நேர் எழுத்து. பல்லக்கா கல்மாவு ஊற்றினாள். அரை மணியில் இறுகியது. மெழுகை உரித்து, பின்பக்கம் பென்சிலால் அடையாளம் எழுதி, பல் செட்டுகள் காயும் தட்டில் வரிசையாக அடுக்கினாள். இருபத்துநாலு வெள்ளைச் சக்கரவர்த்திகள்.

நான் எட்டிப் பார்த்தேன். தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவளோடு மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

மேலே அறுபது எழுபது பேர் ஒரே குரலில் விக்கிக்கொண்டிருந்தார்கள். ரோமய்யா ஜாடிக்குப் பின்னால் அமர்ந்திருந்தார்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம்" என்றாள் பல்லக்கா.

"சந்தேகப்பட்டா சக்தி போயிடும்மா."

"அப்ப நம்பிக்கையோடயே கேக்குறேன். இதெல்லாம் நீங்க குடுத்த நாணயத்தோட முகம். அவங்கவங்களே அழுத்திக் குடுத்தது. இதுல எங்க அத்தானோடது எதுன்னு எடுத்துக் குடுங்க. அவருக்குன்னே சக்கரவர்த்தி அனுப்பினதாச்சே, ஒங்களுக்குத் தெரியாமலா போகும்?"

கூட்டம் சந்தோஷமாகத் தலையாட்டியது. ஐயாவின் மகிமை இன்னொரு தடவை வெளிப்படப் போகிறது அல்லவா! ரோமய்யா தட்டைப் பார்த்தார். இருபத்துநாலு தடவை எச்சில் விழுங்க நேரமில்லாததால் ஒரே தடவை பெரிதாக விழுங்கினார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து, ஒன்றின் மேல் விரல் வைத்தார்.

"இதோ. கண்ணுக்குக் கீழ மரு. இதுதான்."

பல்லக்கா திருப்பிப் படித்தாள். "மூட்டுவலி அம்மா."

"என்னோடதா?" அந்த அம்மா வலியை மறந்து எழுந்துவிட்டாள். "எனக்குத் தாடை மூட்டுலன்னு சொன்னீங்களே!"

"வெளிச்சம் சரியில்ல. இது. இதுதான் தையல்காரரோடது."

"வேலை போனவர்."

"ஐயா, எனக்கு வாய்க்குப் பக்கத்துலன்னீங்க! வாய்ப்பு வருதுன்னீங்க!"

"சக்கரவர்த்தி இப்ப மௌனமா இருக்காரு" என்றார் ரோமய்யா.

அதற்குள் மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர் தட்டின் மேல் குனிந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். எல்லா முகத்திலும் கன்னத்தின் நட்டநடுவில் ஒரு மரு. கண்ணிலிருந்து பார்த்தால் கண்ணுக்குக் கீழே. காதிலிருந்து பார்த்தால் காதுக்கு முன்னால். வாயிலிருந்து பார்த்தால் வாய்க்குப் பக்கம். ஒரே மருவை ரோமய்யா எல்லா உறுப்புக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்.

"ஒரே சக்கரவர்த்தின்னா ஒரே முகம்தானே இருக்கும்!" என்று ரோமய்யா கடைசியாக ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். கூட்டத்தில் சிலர், அதுவும் நியாயம்தானே என்று பார்த்தார்கள். நம் ஜனங்களுக்கு எப்போதுமே இரண்டு பக்கமும் நியாயம்.

பல்லக்கா தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு செம்பு நாணயங்களை எடுத்து முன்வரிசையில் கொடுத்தாள். "நல்லாப் பாருங்க. என் சக்கரவர்த்தி யார் கண்ணு பட்டாலும் கோவிச்சுக்க மாட்டாரு. ரெண்டும் ஒரே ராஜா, ஒரே வருஷம். ஒண்ணுல மூக்கு விளிம்புக்கு வெளிய போயிருக்கு. இன்னொண்ணுல பின்னந்தலை இல்ல. கீழ ஒரு அச்சு, மேல ஒரு அச்சு, நடுவுல செம்பு, ஒரு ஆள் சுத்தியலால ஓங்கி அடிச்சிருக்கான். மனுஷன் கை. ரெண்டு அடி ஒரே மாதிரி விழாது. நான் செய்ற பல் செட்டுகூட ஆளுக்கு ஆள் வேற. இவரு சக்கரவர்த்தி மட்டும் இருபத்துநாலு பேருக்கும் ஒண்ணு."

"அப்ப இந்த மரு?" என்றாள் மூட்டுவலி அம்மா.

"மரு இல்லம்மா, காத்துக் குமிழி. அச்சு எடுக்கிறப்ப உள்ள கொஞ்சம் காத்து மாட்டிக்கிட்டா, அந்த அச்சுல ஊத்துற எல்லாத்துலயும் அதே இடத்துல இப்படி உருண்டையா நிக்கும். எனக்கு வாரத்துக்கு ரெண்டு வரும். அரத்தால தேய்ச்சிடுவேன், இல்லன்னா அண்ணன் மாதிரி ஆளுங்க ஈறு புண்ணாயிடும். இந்த ஐயா தேய்க்கச் சோம்பல்பட்டுட்டு, மருன்னு சொல்லிட்டாரு."

"மந்திரம்?" யாரோ பின்னாலிருந்து, அழுகிற குரலில்.

"படைத்தலைவர், சீசர், மாட்சிமை தாங்கியவர். பதவிப் பேரைச் சுருக்கி எழுதியிருக்கு. ஆபீஸ் வாசல்ல தொங்குற பலகையைத் தினம் மூணு வேளை சத்தமாப் படிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்." அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். இதுவரை இருந்த கேலி குரலில் இல்லை. "அத்தான், இந்த முகம் எந்த ராஜாவைப் பாத்துச் செஞ்சதோ எனக்குத் தெரியாது. ஆனா ஐயா சொல்ற அந்த நூத்தாண்டுல வந்த சக்கரவர்த்திங்கள்ல முக்கால்வாசிப் பேரைச் சொந்தப் படையே வெட்டிப் போட்டுது. தன் கழுத்தைக் காப்பாத்திக்கத் தெரியாத ஆளுங்க. ஒங்க கண்ணைக் காப்பாத்துவாங்களா? எனக்குப் பயமா இருக்கு அத்தான்."

அத்தான் எழுந்து தட்டருகே வந்தார். கண்ணை நம்பவில்லை, மூடிக்கொண்டார். துணியின் நூலோட்டத்தைத் தொட்டே சொல்கிற விரல்கள் அவை. முதல் சக்கரவர்த்தியின் கன்னத்தில் கட்டைவிரலை வைத்தார். பிறகு இரண்டாவது. மூன்றாவது. இருபத்துநாலாவது கன்னம்வரை போய், விரலை எடுத்தார்.

"இருபத்துநாலு பேருக்கும் ஒரே அளவுல சட்டை தைச்சிருக்கான்" என்றார்.

பிறகு கழுத்திலிருந்த பையை அறுத்து ஜாடிக்குள் போட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று மச்சினியைக் கேட்டார். பயம் போகவில்லை. பயத்தோடுதான் போகப் போகிறார்.

இதற்குள் ரோமய்யா, கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கியிருந்தார். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார். ஜாடியைக் கவிழ்த்தார்கள். தரையெல்லாம் ஒன்றே ஒன்றுகள் உருண்டன. அத்தனை கன்னத்திலும் குமிழி.

இந்த அமளியில் தட்டின் ஓரத்திலிருந்த கடைசி முகத்தை மூட்டுவலி அம்மா எடுத்துத் திருப்பினாள். "இது யாருப்பா, 'அச்சகத்து அண்ணன்'?"

ஆமாம். நான்தான். இடமும் வலமும் பார்த்துக்கொண்டு திரைக்குள் நுழைந்தவன். முப்பத்தாறு வருடம் பிறர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன். என் மகன் என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. குற்றம் பாதிக்கு மேல் என்னுடையது. ரோமய்யா காதுக்கு முன்னால் மருவைக் காட்டி, "ஒங்க பையன் குரல் காதுல விழும்" என்றார். விழுந்தேன் நான். காலை ஆறு மணிக்கு, அச்சக இயந்திரத்தைச் சத்தமாக ஓடவிட்டு, அதன் மறைவில் விக்கிக்கொண்டிருந்தேன். பல்லக்காவுக்கு நான் மெழுகை நீட்டும் முன்பே தெரியும் போலிருக்கிறது. "மேல் வரிசை பல்லு இறுக்கமா இருக்கா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை அத்தானுக்கு அறுவை நடந்தது. மிச்சம் இருந்த பார்வை மிச்சமாகவே நின்றது. அந்த ஏழு வாரத்தில் செத்த ஓரம் செத்ததுதான். இன்றும் இடப்பக்கக் கதவில் தோளை இடித்துக்கொள்கிறார். இடிக்கும்போதெல்லாம் "சக்கரவர்த்தி!" என்று ஒரு கெட்ட வார்த்தை மாதிரிச் சொல்கிறார். ஆனால் சட்டையின் இடது கை இடது பக்கத்தில்தான் வருகிறது.

போன வாரம் ஒரு செய்தி வந்தது. நாலு ஊர் தள்ளி எகிப்தய்யா என்று ஒருவர் வந்திருக்கிறாராம். தலையில் ரோமம் இல்லையாம். மண்ணாலான வண்டு ஒன்றைக் கொடுக்கிறாராம். வேற்றுக் கண் படக்கூடாதாம். இது வேற ஆளாகவும் இருக்கலாமே என்று, எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் போய் வரிசையில் நிற்கிறார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. என் தொழிலில் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அது அச்சில் இருக்கிற பிழை. கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். உங்கள் பிரதியைப் பக்கத்து வீட்டுக்காரரின் பிரதியோடு வைத்துப் பார்த்தால் போதும். எவனாவது பார்க்கக்கூடாது என்றால், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

மகனுக்கு நானே போன் போட்டேன். எட்டாவது மணியில் எடுத்தான். "அப்பா" என்றான். குரல் காதில் விழுந்தது. விழுவதற்குச் சக்கரவர்த்தி யாரும் தேவைப்படவில்லை. என் விரல்தான் பத்து எண்களை அழுத்த வேண்டியிருந்தது.

அந்தக் கல்மாவு முகத்தை என் மேசைமேல் வைத்திருக்கிறேன். நாணயத்துக்கே ஒரு பக்கம் தலை இருக்கிறது. நமக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எடுத்து உபயோகித்தால் எந்தச் சக்கரவர்த்தியும் கோபித்துக்கொள்ள மாட்டான்.